பழைய காருக்குப் புது மின்சாரம்

பெசன்ட் நகர்க் கடற்கரையின் வடகோடியில், அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். ஊரூர் என்பது பழைய கிராமத்தின் பெயர். ஒல்காட் என்பது பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயர். 1882-ல் அடையாற்றில் சபைக்கு இடம் வாங்கியவர் அவர். ஏழைக் குழந்தைகளுக்காக 1894-ல் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கியவரும் அவரே. கர்னல் 1907-ல் காலமானார். அவருடைய பெயர் இந்தக் கரையில் நிலைத்துவிட்டது.

ஆனால், இந்தக் கரையில் இரும்பு நிலைப்பதில்லை. ஜன்னல் கம்பியானாலும் சரி, சைக்கிள் செயினானாலும் சரி, படகு என்ஜினின் போல்ட்டானாலும் சரி, உப்புக் காற்று அதைச் சும்மா விடாது. தார்ப்பாய் போட்டு மூடினாலும் ஓர் இடுக்கு வழியாக நுழைந்துவிடும்.

இந்தக் காற்று குப்பத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. பெசன்ட் நகர், சாஸ்திரி நகர், அடையாறு என்று உள்ளே புகுந்து, வீட்டு முற்றங்களில் துணி போர்த்தி நிற்கும் பழைய கார்களையும் தடவிப் பார்க்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாஸடர், பியட் என்று எத்தனையோ வண்டிகள்! தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது, இப்போது பேரன் அதை மறுபடியும் தெருவில் இறக்க ஆசைப்படுகிறான். அந்த ஆசைக்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் பெட்ரோல் அல்ல, மின்சாரம்.

மழைக்கால இரவு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திருவான்மியூர் சிக்னலில் வண்டிகள் நகராமல் நிற்கின்றன. ஹெட்லைட் எரிகிறது. வைப்பர் ஆடுகிறது. பழைய காரின் விளக்கு மெல்ல மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சளாகி, அகல் விளக்கு மாதிரி ஆகிவிடுகிறது. மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாட்டரி காலி!

"டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டுவிடலாம் சார், அரை நாள் வேலை" என்பார் மெக்கானிக். அரை நாளில் போட்டுவிடலாம் என்பது உண்மைதான். ஆனால், அப்படிப் போட்ட வண்டி அரை மாதத்தில் பெல்ட் அறுந்து நடுத்தெருவில் நிற்பதும் உண்டு. குற்றம் ஆல்டர்னேட்டருடையது அல்ல. அதைத் தாங்குகிற பிராக்கெட்டும், அதைச் சுழற்றுகிற கப்பியும் சரியாக அமையாததுதான் காரணம். கப்பியை மெக்கானிக்குகள் "புல்லி" என்பார்கள். நாமும் அப்படியே சொல்லலாம்.

சென்னையில் பிறந்த கார்

ஹெரால்டு காரை அயல்நாட்டு வண்டி என்று நினைப்பவர்கள் உண்டு. வடிவம் அமைத்தவர் இத்தாலியரான மிக்கெலொட்டி, தாயகம் இங்கிலாந்து. ஆனால், நம் தெருவில் ஓடிய ஹெரால்டு சென்னைப் பிள்ளை. 1948-ல் ஏற்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்ற கம்பெனி, வண்டலூர் அருகே இருந்த தன் தொழிற்சாலையில் 1961 முதல் அதை உற்பத்தி செய்தது. 1972-ல் அதன் இடத்துக்கு "கெஜல்" வந்தது. 1988-ல் அந்தக் கம்பெனியின் கார் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆகவே, ஹெரால்டுக்கு இனிமேல் கம்பெனியிலிருந்து ஓர் ஆணிகூட வரப் போவதில்லை. புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளும், லேத் பட்டறைகளும்தான் கதி.

இதில் ஒரு வேடிக்கையான பொருத்தம் இருக்கிறது. ஹெரால்டு சென்னையில் பிறந்த அதே 1961-ல்தான், பாடியில் இருக்கும் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனமும் பிறந்தது. மோட்டார் வாகனங்களுக்கான ஸ்டார்ட்டர், டைனமோ, ஆல்டர்னேட்டர் போன்ற மின்சாதனங்களுக்குப் பேர்போன நிறுவனம் அது. பழைய ஹெரால்டின் தொல்லையும் அதற்கு மருந்தும் ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில் தோன்றியவை என்று சொல்லலாம்.

வேறொரு வகையிலும் ஹெரால்டு வேலை செய்ய வசதியான வண்டி. அதன் முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, பெட்டி மூடியைப் போல முன்னோக்கிச் சாய்ந்துகொள்ளும். என்ஜின் முழுவதும் கண்ணுக்கும் கைக்கும் எட்டும். மற்ற வண்டிகளில் குனிந்து, நெளிந்து, விரலைச் சிராய்த்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலையை இதில் முக்காலி போட்டு உட்கார்ந்து செய்யலாம்.

டைனமோவின் கஷ்டம்

டைனமோ, ஆல்டர்னேட்டர் இரண்டும் ஒரே தொழில் செய்பவைதான். காந்தப் புலமும் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று கடந்து சுழன்றால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். சுழலுவது எது, நிற்பது எது என்பதில்தான் வித்தியாசம்.

டைனமோவில் காந்தம் நிற்கிறது. மின்சாரத்தை உண்டாக்கும் கம்பிச் சுருள் சுழலுகிறது. பிறக்கிற மின்சாரம் அத்தனையும், சுழலும் செப்புத் துண்டுகளின் மேல் உரசிக்கொண்டிருக்கும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அதனால், தீப்பொறி பறக்கும், பிரஷ் தேயும். கனமான சுருள் சுழலுவதால் மிக வேகமாகவும் சுற்றக் கூடாது. சுற்றினால் கம்பிகள் வெளியே பிதுங்கிவிடும். இந்தப் பயத்தினால் டைனமோவுக்குப் பெரிய புல்லி போட்டு நிதானமாகச் சுற்றவிடுவார்கள். நிதானமாகச் சுற்றினால் என்ன ஆகும்? சிக்னலில் என்ஜின் முனகிக்கொண்டு நிற்கும்போது டைனமோவிலிருந்து ஒரு சொட்டு மின்சாரமும் பாட்டரிக்குப் போகாது.

ஆல்டர்னேட்டரில் கதை தலைகீழ். மின்சாரத்தை உண்டாக்கும் சுருள் ஓரமாக அசையாமல் நிற்கிறது. நடுவில் மின்காந்தம் சுழலுகிறது. பிரஷ் வழியாகப் போவது அந்தக் காந்தத்துக்கு வேண்டிய சில ஆம்பியர் மட்டுமே. ஆகவே, வேகமாகச் சுற்றலாம், உடம்பும் சிறியது, தேய்மானமும் குறைவு. ஆனால், பிறப்பது ஏ.சி. மின்சாரம். பாட்டரிக்கு வேண்டியதோ டி.சி. அதை மாற்றித் தருவது சிலிக்கான் டயோடு. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மதகு மாதிரி வேலை செய்கிற சின்னஞ்சிறு சாதனம் அது. அது மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகே காரில் ஆல்டர்னேட்டர் சாத்தியமாயிற்று. அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி தன் 1960-ம் ஆண்டு வேலியண்ட் காரில் அதை வைத்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தார்கள்.

இன்னொரு வேடிக்கை: சைக்கிளில் டயரோடு உரசிச் சுழலுமே, அந்தக் குப்பி வடிவ "டைனமோ", அது உண்மையில் டைனமோவே அல்ல! அதில் பிறப்பது ஏ.சி. மின்சாரம். பல்புக்கு எதுவானாலும் ஒன்றுதான் என்பதால் யாரும் கவலைப்படவில்லை.

வரவும் செலவும்

குடும்பத்துக்கு வரவு செலவுக் கணக்கு இருப்பதுபோல காருக்கும் உண்டு. 12 வோல்ட் பாட்டரி உள்ள பழைய கார் ஒன்றின் இரவுச் செலவைப் பார்ப்போம். இக்னிஷன் காயிலுக்குச் சுமார் 4 ஆம்பியர். 45 வாட் ஹெட்லைட் இரண்டுக்கும் 7½ ஆம்பியர். பின் விளக்கு, நம்பர் விளக்கு முதலியவற்றுக்கு 2. வைப்பருக்கு 3. ஆக மொத்தம் 16½ ஆம்பியர்.

வரவு என்ன? பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பரவலாக இருந்த லூகாஸ் சி-40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். அதுவும் வண்டி நன்றாக ஓடும்போதுதான். ஹாலஜன் விளக்கு போட்டால் ஹெட்லைட் செலவு 10 ஆம்பியராகிவிடும். சென்னை வெயிலுக்குப் பயந்து ரேடியேட்டருக்கு மின்விசிறி வைத்தால் அது ஒரு 8 ஆம்பியர் கேட்கும். செலவு 27. வரவு 22. மிச்சத்தைப் பாட்டரி கைமாற்றாகத் தர வேண்டும். அது எத்தனை நாளைக்குத் தரும்?

லூகாஸ் 17 ஏ.சி.ஆர். வகை ஆல்டர்னேட்டர் 36 ஆம்பியர் தரும். இது போதும். "இருப்பதில் பெரியதாகப் போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கேதான் பெல்ட் குறுக்கிடுகிறது. 14 வோல்ட்டில் 36 ஆம்பியர் என்றால் 504 வாட். ஆல்டர்னேட்டரில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் என்ஜினிடமிருந்து எடுப்பது 800, 900 வாட். ஒரு குதிரை சக்தி என்பது 746 வாட். அதாவது, ஒரு குதிரைக்கு மேற்பட்ட பலத்தை, விரல் பருமன் உள்ள ஒரு ரப்பர் பெல்ட் இழுத்துச் செல்கிறது. இதைப் போல இரண்டு மடங்கு ஆல்டர்னேட்டரை அதன் தலையில் கட்டினால், பெல்ட் வழுக்கும், கத்தும், கருகும்.

நெட்டையனும் குட்டையனும்

டைனமோ நீண்ட உருளை. அதற்கு முன்னால் ஒரு காது, பின்னால் ஒரு காது. என்ஜினின் பக்கவாட்டில் அந்த இரண்டு காதுகளுக்கும் ஏற்ற இடைவெளியில் பிராக்கெட் இருக்கும். மேலே, நீள்துளை போட்ட ஒரு பட்டை. டைனமோவை வெளிப்புறமாகச் சாய்த்து, அந்தப் பட்டையில் போல்ட்டை முடுக்கினால் பெல்ட் இறுகும்.

ஆல்டர்னேட்டர் குட்டையன். நெட்டையனின் கட்டிலில் குட்டையனைக் கிடத்தினால் கால் எட்டாது அல்லவா? முன் காது பொருந்தினால் பின் காது அந்தரத்தில் நிற்கும். பல இடங்களில் தவறு தொடங்குவது இங்கேதான். பின் காதை விட்டுவிட்டு முன் காதில் மட்டும் ஒரு போல்ட்டைப் போட்டு வண்டியை அனுப்பிவிடுவார்கள். ஒற்றைக் காதைப் பிடித்துத் தூக்கிய முயலைப் போல ஆல்டர்னேட்டர் ஆடிக்கொண்டே இருக்கும். காது வார்ப்பு அலுமினியம். சில வாரங்களில் விரிசல் விட்டு முறிந்துவிடும்.

வேறு சிலர் இடைவெளி இருப்பதைக் கவனிக்காமல் நீளமான போல்ட்டைப் போட்டு முரட்டுத்தனமாக முடுக்குவார்கள். இடைவெளி மூடும், ஆனால் காது வளையும். அலுமினியம் வளைவதை விரும்பாது. "படக்" என்று உடைந்துவிடும்.

சரியான முறை எது? இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கச்சிதமாக அளந்து, அந்த நீளத்துக்கு எஃகுக் குழாய்த் துண்டு ஒன்றை லேத்தில் கடைந்து இடையில் வைக்க வேண்டும். சில ஆல்டர்னேட்டர்களின் பின் காதிலேயே நகரும் புஷ் ஒன்று இருக்கும். போல்ட்டை முடுக்கும்போது அது தானாக நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். கண் தெரியாத இந்தச் சின்னப் புஷ்ஷைத் துரு என்று நினைத்து எறிந்துவிடாமல் இருந்தால் போதும்.

பிராக்கெட்டைப் புதிதாகச் செய்வதானால் மெல்லிய தகடு உதவாது. பெல்ட்டின் இழுப்பு ஓயாமல் ஒரே பக்கமாக இருக்கும். கூடவே என்ஜினின் நடுக்கம். 6 மில்லிமீட்டர் கன எஃகுப் பட்டை தக்கது. கூரிய மூலைகள் வேண்டாம். விரிசல் மூலையில்தான் பிறக்கும். அரத்தால் ராவி உருண்டையாக்கிவிட வேண்டும். துளையை டிரில்லால் போட வேண்டும். காஸ் வைத்து எரித்து ஓட்டையாக்கக் கூடாது. என்ஜினில் ஒரே போல்ட்டில் தொங்காமல், குறைந்தது இரண்டு போல்ட்டுகளில் பிடித்திருக்க வேண்டும்.

மரச் சட்டமும் நூலும்

பிராக்கெட் எவ்வளவு பலமாக இருந்தாலும் இடம் பிசகினால் பயனில்லை. கிணற்று ராட்டினம் சாய்ந்திருந்தால் கயிறு பள்ளத்தைவிட்டு நழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். தையல் மிஷினில் மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் நேராக இல்லாவிட்டால் பெல்ட் கழன்று கழன்று விழும். நிமிஷத்துக்குச் சில ஆயிரம் தடவை சுற்றும் கார் பெல்ட்டின் கதியைக் கேட்க வேண்டுமா?

கிராங்க் புல்லி, தண்ணீர் பம்பு புல்லி, ஆல்டர்னேட்டர் புல்லி மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். இதைச் சோதிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நேரான எஃகு ஸ்கேல் அல்லது தச்சர் வைத்திருக்கும் மரச் சட்டம் ஒன்றைப் புல்லிகளின் முகத்தில் ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாப் புல்லிகளின் விளிம்பும் ஒரே கனமாக இருக்காது. ஆகையால், விளிம்பைவிடப் பள்ளத்தின் நடுவைக் கணக்கில் எடுப்பதே நலம். பள்ளத்தின் வழியாக ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் பிசகு பெரிய குற்றமல்ல. மூன்று, நான்கு என்று போனால் பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, நூல் நூலாகப் பிரியும்.

முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியிருந்தால் காதுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே வாஷர் வைத்துச் சரிசெய்யலாம். ஆனால், முன்பக்கம் வைத்த அளவைப் பின்பக்கக் குழாய்த் துண்டிலிருந்து குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய வம்பு திரும்பவும் வந்துவிடும்.

புல்லிக்கு ஒரு கணக்கு

கிராங்க் புல்லியின் விட்டம் 120 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டைனமோவின் புல்லி 80. என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் டைனமோ ஒன்றரைச் சுற்று. சிக்னலில் என்ஜின் நிமிஷத்துக்கு 700 சுற்றுச் சுற்றும்போது டைனமோ 1,050 சுற்று. பாட்டரிக்கு மின்சாரம் அனுப்ப அந்த வேகம் போதாது.

ஆல்டர்னேட்டருக்கு 60 மில்லிமீட்டர் புல்லி போட்டால் ஒன்றுக்கு இரண்டு. அதே 700-ல் அது 1,400 சுற்றுச் சுற்றும். கொஞ்சமாவது மின்சாரம் தரும். என்ஜின் 5,000-க்குப் பாய்ந்தால் ஆல்டர்னேட்டர் 10,000. டைனமோவாக இருந்தால் சிதறிவிடும். ஆல்டர்னேட்டர் தாங்கும். "அப்படியானால் 40 மில்லிமீட்டர் புல்லி போட்டால் இன்னும் நல்லதல்லவா?" அல்ல. புல்லி சிறுத்தால் பெல்ட் அதைத் தழுவும் இடமும் சிறுக்கும், பிடி தளரும், பெல்ட் அளவுக்கு மீறி மடங்கிச் சீக்கிரம் வெடிக்கும்.

புதிய கார்களிலிருந்து எடுத்த ஆல்டர்னேட்டரில், பல வரிகள் ஓடும் தட்டையான பெல்ட்டுக்கு ஏற்ற புல்லி இருக்கும். பழைய காரின் பெல்ட்டோ ஆங்கில "வி" எழுத்தைப் போல் அடி குறுகியது. இரண்டும் ஒத்துவராது. வி-பள்ளம் உள்ள புல்லியையே மாட்ட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வி-பெல்ட் பிடிப்பது அடிப்பாகத்தால் அல்ல, இரண்டு பக்கங்களால். ஆப்பு மாதிரி பள்ளத்தில் இறுகி உட்கார்ந்து இழுக்கும். பெல்ட்டின் அடி, பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால் பெல்ட் தேய்ந்துவிட்டது, அல்லது அளவு தவறு என்று பொருள். அப்படிப்பட்ட பெல்ட் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். கத்தும்போது சோப்பைத் தேய்த்து வாயடைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அது நோயைத் தீர்ப்பதில்லை. நோயாளியைப் பேசாமல் இருக்கச் செய்கிறது.

ஆல்டர்னேட்டரின் முன்பக்க விசிறியையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். எந்தப் பக்கம் சுற்றினாலும் மின்சாரம் பிறக்கும். ஆனால், இலைகள் சாய்ந்த விசிறி ஒரு பக்கம் சுற்றினால்தான் காற்றைச் சரியாக இழுக்கும். எதிர்ப்பக்கம் சுற்றும் ஆல்டர்னேட்டர் தன் சூட்டிலேயே வெந்துபோகும்.

எவ்வளவு இறுக்கலாம்?

பெல்ட் தளர்ந்தால் வழுக்கும் என்று பயந்து வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டுவோர் உண்டு. அந்த இழுப்பு முழுவதும் தண்ணீர் பம்பின் பேரிங்கிலும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கிலும் விழும். பம்பு ஒழுகத் தொடங்கும். இரண்டு புல்லிகளுக்கு நடுவே பெல்ட் நீளமாக ஓடும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சுமார் அரை அங்குலம் அமிழ்ந்தால் சரி.

ஆல்டர்னேட்டரை நெம்பும்போது இரும்புக் கடப்பாரையை அதன் வயிற்றில் வைத்து நெம்பக் கூடாது. மரக்கட்டையால், புல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் முன்பக்க வார்ப்பில் மட்டும் பலம் கொடுக்க வேண்டும். முதலில் மேல் பட்டையின் போல்ட்டை முடுக்கிவிட்டு, பிறகு கீழ் போல்ட்டுகளை முடுக்குவது முறை.

கண்ணிமைக்கும் நேரத்தில் கருகுவது

பிராக்கெட், பெல்ட் எல்லாம் சரியாக அமைந்த பிறகும், ஒயரை மாற்றிக் கொடுத்து ஒரு நொடியில் எல்லாவற்றையும் பாழாக்கிவிடலாம். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாஸிட்டிவ் முனையை என்ஜின் உடம்போடு "எர்த்" செய்திருப்பார்கள். சாதாரணமாகக் கிடைக்கும் ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் முனைதான் எர்த்தாக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் பாட்டரியை இணைத்தால் டயோடுகள் அந்தக் கணமே கருகிவிடும். ஆகவே, முதலில் பாட்டரியின் இணைப்பை மாற்ற வேண்டும். அம்மீட்டரின் இரு ஒயர்களையும், இக்னிஷன் காயிலின் இரு ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். பழைய ரேடியோ இருந்தால் கழற்றிவிடுவது உத்தமம்.

டைனமோ ஒயரும் 22 ஆம்பியருக்கு அமைந்ததுதான். 36 ஆம்பியர் பாயும்போது அது சூடேறும். ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரி இணைப்புக்குத் தடித்த புது ஒயர் ஒன்று இழுக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது பாட்டரி முனையைக் கழற்றி "டைனமோ வேலை செய்கிறதா" என்று பார்க்கும் பழைய வழக்கத்தையும் அடியோடு மறந்துவிட வேண்டும். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் எகிறி டயோடுகள் போய்விடும்.

டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கை அழகுக்கு வைத்தது என்று எண்ண வேண்டாம். ஆல்டர்னேட்டரின் காந்தத்தை முதலில் எழுப்புவது அந்த விளக்கு வழியாகப் போகும் மின்சாரம்தான். பல்பு கெட்டால் ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே இருக்கலாம்.

உப்பின் வேலை

கடற்கரை வாசிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆல்டர்னேட்டரின் உடம்பு அலுமினியம், பிராக்கெட் எஃகு. இரு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அந்த இடம் ஒரு குட்டிப் பாட்டரியாகிவிடுகிறது. மின்சாரம் செய்ய வந்த இடத்தில் வேண்டாத மின்சாரம்! அதில் கரைவது அலுமினியம். காதுத் துளையில் வெள்ளைப் பொடி பூத்து, போல்ட் உள்ளேயே இறுகிவிடும். பிறகு பெல்ட்டைத் தளர்த்தவும் முடியாது, இறுக்கவும் முடியாது.

பிராக்கெட்டுக்கு நாக முலாம் பூசுவது நல்லது. முடியாவிட்டால் இரண்டு பூச்சுப் பெயிண்ட். போல்ட்டின் தண்டில் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். ஆனால், பெயிண்ட் மின்சாரத்தைத் தடுக்குமாகையால், ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து என்ஜினுக்குத் தனியாக ஓர் எர்த் ஒயர் போடுவது அவசியம். புல்லியின் பள்ளத்தில் துரு பிடித்தால் அது அரமாக மாறிப் பெல்ட்டை ராவித் தின்றுவிடும். வண்டி பல வாரம் நின்றிருந்தால், என்ஜினைக் கிளப்பும் முன் பள்ளத்தை உப்புத் தாளால் துடைத்துவிட வேண்டும். பெல்ட்டில் மட்டும் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக் கூடாது.

ஆணி அடிக்காத கட்டுமரம்

இனி, மிக முக்கியமான விஷயம். பிராக்கெட்டை என்ஜினோடு வெல்டிங் செய்வதோ, என்ஜின் வார்ப்பில் புதுத் துளை போடுவதோ, பழைய காதை அறுத்து எறிவதோ வேண்டாம். ஏற்கெனவே உள்ள துளைகளில், போல்ட்டு நட்டால் மட்டுமே மாட்ட வேண்டும்.

கட்டுமரத்தின் பெயரிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. அதை ஆணி அடித்துச் செய்யவில்லை, கட்டினார்கள். கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்துக் காயவைப்பார்கள், மறுபடி கட்டுவார்கள். ஊறிப்போன மரத்தை மட்டும் மாற்றலாம். மற்றது அப்படியே இருக்கும். இன்று குப்பத்து மணலில் ஃபைபர் படகுகளே அதிகம். ஆனால், அவிழ்க்கக் கூடியதாகக் கட்டுவது என்ற அந்தப் பழைய புத்தி, பழைய கார் வைத்திருப்பவருக்கு இன்றும் வேண்டும்.

இதில் சட்டமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பெரும் வண்டிகளைப் பதிவு செய்ய மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதிகள் வகுத்தது. "வி.ஏ." என்ற எழுத்துகளோடு தனி நம்பர், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால், வண்டி தன் அசல் உருவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஹெரால்டுகள் எல்லாமே இன்று 50 ஆண்டைத் தாண்டியவை. பதிவுக்கோ, பழைய கார்களின் கண்காட்சிக்கோ போகும்போது ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு அசல் டைனமோவைத் திரும்ப மாட்ட முடிகிற நிலையில் வண்டி இருந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வார்ப்பை அறுத்துவிட்டால் அறுத்ததுதான். அந்த வார்ப்பைச் செய்த தொழிற்சாலை இன்று இல்லை.

ஆகவே, கழற்றிய டைனமோ, அதன் புல்லி, ரெகுலேட்டர் பெட்டி, பழைய போல்ட்டுகள் எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு, உப்புக் காற்று படாத அலமாரியில் வைக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் கிடைப்பது சில நூறு ரூபாய். திரும்பத் தேடினால் புதுப்பேட்டை முழுவதும் அலைய வேண்டிவரும்.

வண்டி கிளம்பும்போது

எல்லாம் மாட்டி முடிந்தது. பாட்டரி முனைகளில் வோல்ட்மீட்டரை வையுங்கள். என்ஜின் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். என்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4-க்குள் இருந்தால் வேலை சுத்தம். 15-ஐத் தாண்டினால் பாட்டரி கொதிக்கும். உடனே நிறுத்திவிட வேண்டும். புதுப் பெல்ட் சிறிது நீளும். ஆகையால், நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பிராக்கெட்டின் போல்ட்டுகளையும் அப்போதே ஒரு பிடி முடுக்கிக்கொள்ளலாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சிவப்பு விளக்கு திடீரென்று எரிந்தால், "பாட்டரி சார்ஜ்தானே, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். பாட்டரி வீடு வரை தாங்கலாம். ஆனால், அறுந்தது பெல்ட்டாக இருந்தால் தண்ணீர் பம்பும் அதோடு நின்றிருக்கும். ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தும் அது ஓடாது. சில கிலோமீட்டருக்குள் என்ஜின் கொதித்து, ஹெட் வளைந்து, கேஸ்கெட் எரிந்துவிடும். சில நூறு ரூபாய்ப் பெல்ட்டுக்காகப் பல ஆயிரம் ரூபாய்த் தண்டம் அழ வேண்டிவரும்.

உடனே ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து பாருங்கள். டிக்கியில் சரியான அளவுள்ள பெல்ட் ஒன்றும், பிராக்கெட் போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர்களும், நெம்புவதற்கு ஒரு மரக்கட்டையும் இருந்தால் கால் மணி நேரத்தில் மறுபடியும் கிளம்பிவிடலாம்.